வேகஸ் நரம்பும் மண்ணீரல் புதிரும்

"அம்மாவுக்கு முடக்குவாதம். வேகஸ் நரம்பைத் தூண்டினால் அழற்சி, மன அழுத்தம் எல்லாம் பறந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். காதில் மாட்டும் கருவி 9,000 ரூபாய். வாங்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் உண்மையாகவே அருமையான அறிவியல் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

வேகஸ், பத்தாவது மூளை நரம்பு. முகுளத்தில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று போகிற வழியெல்லாம் கிளைவிடும். அதன் இழைகளில் 100-க்கு 80 உறுப்புகளின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகிறவை. ஒரு சின்னக் கிளை காதுக்கும் போகிறது. பட்ஸ் விட்டுக் காது குடையும்போது சிலருக்குத் தொண்டை கமறி இருமல் வருமே, அது இந்தக் கிளையின் வேலைதான்.

வேகஸைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்பது பழைய சேதி. அது எப்படி நடக்கிறது என்பதை ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-இல் தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒரு இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதிலிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துக்கு விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. நரம்பு அந்தத் திரவத்தில் விட்டிருந்த பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936-இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இந்த டேல்தான் நமக்கு முக்கியம். 1929-இல் அவரும் சக ஆய்வாளர் டட்லியும் மாடு, குதிரை இவற்றின் மண்ணீரலை அரைத்து, அதிலிருந்து அசிட்டைல்கோலினைப் பிரித்தெடுத்தார்கள். இதில்தான் இடறல். மண்ணீரலுக்குள் போகும் நரம்பு விடுவது நார்-அட்ரினலின் என்ற வேறொரு பொருள். அசிட்டைல்கோலின் விடும் நரம்பு அங்கே கிடையாது. அப்படியானால் சரக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி 80 வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது.

இதற்கிடையில் நியூயார்க் லாங் ஐலண்டில் கெவின் டிரேசி என்ற ஆய்வாளரின் குழு வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டது. அழற்சியைக் குறைக்கும் மருந்தை எலியின் மூளைக்குள் துளியூண்டு செலுத்தினால், உடம்பில் டி.என்.எஃப். குறைந்தது. அழற்சித் தீயில் எண்ணெய் ஊற்றும் புரதம் அது. முடக்குவாதத்தில் மூட்டைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. வேகஸை வெட்டினால் இந்த விளைவு நின்றுபோனது. சரி, மருந்தே வேண்டாம் என்று வேகஸுக்கே மின்சாரம் கொடுத்துப் பார்த்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். அப்போதும் டி.என்.எஃப். இறங்கியது. அந்த எலிகளின் ரத்தத்தில் ஏறும் டி.என்.எஃப். பெரும்பாலும் மண்ணீரலில் சுரப்பது. ஆனால் வேகஸ் மண்ணீரலுக்குள் நேராகப் போவதே இல்லை!

2011-இல் இரண்டு முடிச்சும் ஒன்றாக அவிழ்ந்தன. வேகஸின் சேதி வயிற்றிலுள்ள நரம்பு முடிச்சில் மண்ணீரல் நரம்புக்குக் கைமாறுகிறது (எப்படிக் கைமாறுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறுதான்). மண்ணீரல் நரம்பு நார்-அட்ரினலினை விடுகிறது. அதை வாங்கிக்கொள்வது ஒரு டி செல். ரத்தத்தோடு ஊர்சுற்றி வந்த சாதாரண வெள்ளை அணு, ஒரு நரம்பு செல்லைப் போலவே அசிட்டைல்கோலினைத் தயாரித்து வெளியே விடுகிறது. பக்கத்தில் டி.என்.எஃப். சுரக்கும் பெருவிழுங்கி என்ற செல் இருக்கிறது. அதன் மேல் ஆல்ஃபா-7 என்ற ஏற்பி, அதாவது சேதியை வாங்கும் புரதம், இருக்கிறது. அசிட்டைல்கோலின் அதில் பட்டதும், டி.என்.எஃப். உற்பத்தி குறைகிறது. தபால்காரரே இல்லாத ஊரில், பஸ்ஸிலிருந்து இறங்கிய யாரோ ஒருவர் கடிதத்தை வாங்கி உரிய வீட்டில் சேர்ப்பது போல. டேல் அரைத்தெடுத்த சரக்கை வைத்திருந்தது இந்தப் பஸ் பயணிதான். இதைப் படித்த அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை.

"இந்த ஆய்வால் உடனடிப் பயன் என்ன?" என்று நிதி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். குதிரை மண்ணீரலை அரைக்கிறவர் அதில் என்ன எழுதியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பயன் வந்தது, மெதுவாக. முடக்குவாதத்துக்காகக் கழுத்தின் இடப்பக்கம் பதிக்கும் செட்பாயிண்ட் கருவிக்கு 2025 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. வைட்டமின் மாத்திரை அளவுதான். தினமும் ஒரு நிமிஷம் வேகஸைத் தூண்டும். உயர்ரக மருந்துகள் கேட்காத, அல்லது ஒத்துக்கொள்ளாத 242 பேரிடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் கருவியைப் பதித்து, பாதிப் பேருக்கு மட்டும் ஓடவிட்டார்கள். 12 வாரத்தில் ஓடியவர்களில் 100-க்கு 35 பேருக்கும், ஓடாதவர்களில் 24 பேருக்கும் நோய் குறிப்பிட்ட அளவு தணிந்தது. வித்தியாசம் உண்மைதான். ஆனால் அந்த 24-ஐயும் பாருங்கள். சும்மா கிடந்த கருவிக்கே அவ்வளவு!

மனநிலை விஷயம் இன்னும் குழப்பம். வேகஸைத் தூண்டும் வேறொரு பதிகருவி 1997-இல் வலிப்பு நோய்க்காக அமெரிக்காவில் வந்தது. அதைப் பதித்த சிலருக்கு மனச்சோர்வும் குறைந்ததைப் பார்த்து, 2005-இல் தீராத மனச்சோர்வுக்கும் அனுமதித்தார்கள். 2007-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, ஆதாரம் போதாது என்று அதற்குப் பணம் தர மறுத்தது.

காதுக் கருவிக்கு வருவோம். காதுமடலில் வேகஸின் கிளை இருப்பது நடுக்குழியில். தோடு போடும் கீழ்ச்சதைக்கு வருவது கழுத்து நரம்பு. அங்கே கிளிப்பை மாட்டி வேகஸைத் தேடுவது வீண். தோப்புக்கரணத்தில் காதைப் பிடிப்பதே வேகஸுக்காகத்தான் என்று ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு சுற்றுகிறதே, அதற்கும் இதே பதில்தான். தோப்புக்கரணம் போடுங்கள், தொடைக்கு நல்லது. பிள்ளையாருக்கு நரம்பியல் சான்றிதழ் எதற்கு?

வேகஸ் வேலை செய்வதைப் பார்க்க ஆசையா? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் விரைவாகும். நீளமாக விடுங்கள், தளரும். தளர்த்துவது வேகஸ். படபடப்பு அடங்க இது உதவும், செலவும் இல்லை. மூட்டு அழற்சியை இது அடக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 9,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை எந்த வீடியோவைப் பார்த்தும் நிறுத்த வேண்டாம்.