கட்டையால் தள்ளினால்தான் ஓடும் ஃபேன்

“எங்கள் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் ஐந்தில் வைத்தால் தயங்கித் தயங்கிக் கிளம்புகிறது. இரண்டில் வைத்தால் உம்மென்று உறுமிக்கொண்டு நிற்கிறது. துடைப்பக் கட்டையால் ஒரு தள்ளு தள்ளினால் விடிய விடிய ஓடுகிறது. ஏன்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். திருஷ்டி என்று சொல்லி அவருடைய மாமியார் ஃபேன் தண்டில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறாராம். கயிற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கோளாறு அநேகமாகக் கண்டென்சரில், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து விடும் சிறு பாகத்தில் இருக்கிறது.

வீட்டு ஃபேனுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ், அதாவது ஒரே அலையாகத் திசை மாறி மாறி வரும் மின்சாரம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு ஐம்பது அலை). ஒரு காயிலில் (கம்பிச் சுருளில்) அது பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் சுற்றுவதில்லை, ஒரே கோட்டில் இப்படியும் அப்படியும் புரள்கிறது. அப்படியானால் ஃபேன் எதைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வட்டமான மைதானத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே புள்ளியில் கிளம்பி, ஒருவன் வலமாகவும் மற்றவன் இடமாகவும் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள். இருவருக்கும் சரிநடுவில் உள்ள புள்ளியை மட்டும் கவனியுங்கள். அது வட்டமடிக்காது, ஒரே நேர்கோட்டில் போய்ப் போய் வரும். ஆகவே கோட்டில் புரளும் காந்தப்புலத்தை, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புலங்களின் கூட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். நின்றிருக்கும் ரோட்டரை, அதாவது ஃபேனின் சுழலும் பகுதியை, இரண்டும் சம பலத்தில் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. மிஞ்சுவது உறுமல் மட்டும்.

கட்டையால் தள்ளியதும் அந்தச் சமநிலை குலைகிறது. ரோட்டர் நகரும் திசையிலேயே சுற்றும் புலத்துக்கும் அதற்கும் வேக வித்தியாசம் குறைகிறது, எதிர்ப்புலத்தோடு கூடுகிறது. ஓட்டம் பிடித்த பிறகு எதிர்ப்புலம் ரோட்டருக்குள் தூண்டும் மின்னோட்டம் கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸை நெருங்கிவிடும். அவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம் ரோட்டரின் தூண்டல் மறுப்பில் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணத்தில்) சிக்கிப் பின்தங்குவதால், அந்தப் பக்கத்து இழுப்பு சோர்ந்துபோகிறது. ரோட்டரோடு கூடவே சுற்றும் புலம் ஜெயிக்கிறது. கண்டென்சர் அறவே செத்துப்போன ஃபேனை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடும். தப்பான பக்கம் தள்ளினால் காற்று கூரைக்குப் போகும். பிளஸ் டூ வகுப்பில் ஒரு பழைய ஃபேனைக் கழற்றி இதைச் செய்து காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தலைக்கு மேலேயே பாடம் தொங்குகிறது, நாம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தள்ளு வேலையைச் செய்யத்தான் கண்டென்சர். ஃபேனுக்குள் இன்னொரு காயில், முதல் காயிலிலிருந்து சற்றுத் தள்ளிச் சுற்றப்பட்டிருக்கிறது. கண்டென்சர் வழியாகப் போவதால் அதில் மின்னோட்டம் முந்திக்கொள்கிறது. இடத்திலும் நேரத்திலும் விலகிய இரண்டு புலங்கள் சேர, ஒரு பக்கச் சுழற்சி ஓங்குகிறது. இத்தாலிய இயற்பியலாளர் கலிலியோ ஃபெராரிஸ் 1885இல் செய்து காட்டிய சுழல் காந்தப்புலத்தின் தத்துவம் இதுவே.

கண்டென்சருக்குள் இருப்பது உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். படலத்தில் எங்காவது துளை விழுந்தால் அதைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி, பழுது பரவாமல் நின்றுவிடும். காயம் ஆறுகிறது, ஆனால் ஆறும்போதெல்லாம் கொஞ்சம் பரப்பு போகிறது. 2.5 மைக்ரோஃபாரட் (கண்டென்சரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று வாங்கியது வருடக்கணக்கான சூட்டில் 1.5க்கு இறங்கிவிட்டால் தொடக்க இழுப்பு போதாது. அந்த இழுப்பு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ரெகுலேட்டர் பாதி வோல்ட் கொடுத்தால் கால் பங்குதான் கிடைக்கும். ஐந்தில் கிளம்புவது இரண்டில் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

மெயினை அணைத்துவிட்டு முதலில் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்து உடனே நின்றால் பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கிறது; கண்டென்சர் மாற்றிப் பயனில்லை. லேசாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கண்டென்சரை மாற்றச் சொல்லுங்கள். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழையதில் அச்சடித்திருக்கும் அதே அளவையே வாங்குங்கள். “நாலு மைக்ரோஃபாரட் போட்டால் இன்னும் வேகமாக ஓடும்” என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். இரண்டாவது காயிலில் மின்னோட்டம் கூடி, சூடேறிக் கருகினால் ரீவைண்டிங் செலவு உங்கள் தலையில்.