வருகையைப் பற்றிய வசனங்களை எந்த வரிசையில் வாசிப்பது?

எங்கேயாவது போர் மூண்டால், பூமி அதிர்ந்தால், அரசாங்கம் புதிதாக ஓர் அட்டையைக் கொண்டுவந்தால், இரண்டே நாளில் சபை வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்றத் தொடங்கிவிடும். எசேக்கியேல் 38 நிறைவேறிவிட்டது, மிருகத்தின் முத்திரை வந்துவிட்டது, இந்த வருஷத்துக்குள் இயேசுவின் இரண்டாம் வருகை. அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்டவரை உண்மையாய் நேசிக்கிறவர்கள். அவர்கள் சறுக்குவது வாசிக்கும் வரிசையில். செய்தித்தாளை முதலில் விரித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் வசனத்தைப் பிறகு தேடுகிறார்கள். இப்படித் தேடினால் எந்தச் சம்பவத்துக்கும் ஒரு வசனம் கிடைத்துவிடும்.

வெளிப்படுத்தின விசேஷம் ஒரு கடிதம். எபேசு தொடங்கி லவோதிக்கேயா வரை ஏழு சபைகளின் பெயர் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. எல்லாம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி ஊர்கள். 1:3 "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" என்கிறது. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஆகவே எந்த விளக்கத்தையும் ஏற்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இது என்னவாகப் புரிந்திருக்கும்? 9-ஆம் அதிகாரத்து வெட்டுக்கிளிகள் ஹெலிகாப்டர்கள் என்று பிரசங்கித்தால், அந்த ஏழு சபைகளுக்கும் அந்த அதிகாரத்தால் ஒரு பயனும் இல்லாமல் போகிறது. யாத்திராகமமும் யோவேலும் அறிந்தவர்களுக்கோ வெட்டுக்கிளி என்றதுமே தேவனுடைய நியாயத்தீர்ப்பு நினைவுக்கு வந்திருக்கும்.

லவோதிக்கேயாவை எடுத்துக்கொள்ளுங்கள். "அனலாயிரு, இல்லாவிட்டால் குளிர்ந்துபோ" என்று 3:15-ஐப் பிரசங்கிக்கும்போது, குளிர்ந்தவன் என்றால் பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கினவன் என்று அர்த்தம் சொல்லுவதுண்டு. அந்த ஊரின் நிலவரம் தெரிந்தால் அர்த்தம் வேறாகிறது. அருகிலிருந்த எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, உடல் வலிக்கு நல்லது. கொலோசேயில் குளிர்ந்த நீர், தாகத்துக்கு நல்லது. வெதுவெதுப்பான தண்ணீர் எதற்கும் ஆகாது. அனலும் குளிரும் இரண்டுமே பயனுள்ளவை, கண்டிக்கப்படுவது பயனற்ற நிலை. கி.பி. 60-இல் பூகம்பத்தில் இடிந்த அந்த நகரம் ரோமின் உதவியில்லாமல் தன் பணத்திலேயே எழும்பியது. "நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற மனநிலையை ஆண்டவர் சுட்டிக்காட்டியபோது யாரைச் சொல்லுகிறார் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையிருந்திராது.

இரண்டாவது வேலை, பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பிப் போவது. வெளிப்படுத்தலின் 404 வசனங்களில் பழைய ஏற்பாட்டின் சாயல் நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கிறது. சூரியன் அந்தகாரப்படும் என்று மத்தேயு 24:29-இல் படித்ததும் கிரகணத் தேதியைத் தேடாமல் ஏசாயா 13:10-ஐத் திறவுங்கள். அங்கே அது பாபிலோனின் வீழ்ச்சியைப் பற்றிய பேச்சு, 17-ஆம் வசனம் மேதியரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பாபிலோன் கி.மு. 539-இல் விழுந்தது. ராஜ்யங்கள் சரிவதைத் தீர்க்கதரிசிகள் வானம் அதிரும் மொழியில் சொல்லுவார்கள். சில அடையாளங்களுக்கு வெளிப்படுத்தலே அர்த்தம் தருகிறது: குத்துவிளக்குகள் சபைகள் (1:20), தண்ணீர்கள் ஜனங்கள் (17:15), ஸ்திரீ மகா நகரம் (17:18). அது சொல்லிவிட்ட இடத்தில் நாம் வேறொன்றைச் சொல்லக் கூடாது.

பெயர் ஒலியை வைத்து நாடுகளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் மிகவும் பரவியிருக்கிறது. இஸ்ரவேலைத் தாக்க வரும் கோகைப் பற்றிய எசேக்கியேல் 38:2-இன் எபிரெயச் சொல் "ரோஷ்" என்பதை ரஷ்யா என்றும், மேசேக்கை மாஸ்கோ என்றும் சொல்லுகிறார்கள். ரோஷ் என்றால் தலை. யூதர் வருஷப்பிறப்பை ரோஷ் ஹஷானா, அதாவது வருஷத்தின் தலை என்று சொல்லுவது அதே சொல்தான். மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த ஜாதிகள், அசீரியக் கல்வெட்டுகளிலும் வருகின்றன. எசேக்கியேல் எழுதியது கி.மு. 6-ஆம் நூற்றாண்டில். மாஸ்கோ என்ற பெயர் ஏடுகளில் முதலில் காணப்படுவது கி.பி. 1147-இல்.

இனி, வெளிப்படுத்தல் 13:18 மிருகத்தின் எண்ணாகச் சொல்லும் 666. எண்ணாக மாற்றும் விளையாட்டில் எங்கே பிழை நுழைகிறது என்று பார்ப்போம். ஆங்கில எழுத்துகளில் ஏ-க்கு 100, பி-க்கு 101 என்று வரிசையாகக் கொடுத்தால், ஹிட்லர் என்ற பெயர் 107, 108, 119, 111, 104, 117 என்று சரியாக 666 ஆகிறது. ஏன் 100-இல் தொடங்க வேண்டும்? விடை வரவேண்டும் என்பதற்காகத்தான். மொழியையும் எழுத்துக்கூட்டலையும் தொடக்க எண்ணையும் நம் விருப்பத்துக்குத் தேர்ந்துகொண்டால் அநேகமாக எந்தப் பெயரையும் 666-இல் கொண்டுவந்து நிறுத்தலாம். எபிரெய எழுத்துகளுக்கோ எண் மதிப்பு அந்தக் காலத்திலேயே வழக்கில் இருந்தது. "நேரோன் கேசர்" என்பதை அதில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200, கூட்டினால் 666. கடைசி நூன் எழுத்தை விட்டால் 616, சில பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் 616 என்றே இருக்கிறது. அதனால் பல வேத அறிஞர்கள் நேரோவை நோக்கிச் சாய்கிறார்கள். ஆனாலும் 2-ஆம் நூற்றாண்டிலேயே சபைத் தலைவரான இரேனியு பல பெயர்களை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, இன்னார்தான் என்று அறுதியிட மறுத்துவிட்டார். யோவானுக்கு அவ்வளவு கிட்ட வாழ்ந்தவருக்கு இருந்த அடக்கம் நமக்கும் வேண்டும். "அந்திக்கிறிஸ்து" என்ற சொல்லே வெளிப்படுத்தலில் இல்லை, யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டுமே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

பார்கோடு, ஆதார், தடுப்பூசி என்று ஒவ்வொரு காலத்திலும் ஒன்று முத்திரையாகச் சொல்லப்பட்டது. 13:18-இல் நிறுத்திவிடுவதால் வரும் குழப்பம் இது. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, யோவான் போட்டதல்ல. நிறுத்தாமல் 14:1-க்குப் போங்கள்: ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிற இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேரின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. அதை யாரும் சிப் என்று சொல்லுவதில்லை. கட்டளைகளைக் கையிலும் கண்களுக்கு நடுவிலும் கட்டிக்கொள்ளச் சொன்ன உபாகமம் 6:8-ஐச் சேர்த்து வாசித்தால், இரண்டு முத்திரையும் யாரை ஆராதிக்கிறோம் என்பதைக் காட்டுகின்றன என்பது தெளிவாகும். ஒருவர் அறியாமல் ஊசி வழியாக ஏறிவிடக்கூடிய காரியம் அல்ல அது. இந்தப் பயத்தால் மருந்தையோ தடுப்பூசியையோ தள்ளிப்போடாதீர்கள்.

தேதி குறித்தவர்களின் சரித்திரம் நீளமானது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர், தானியேல் 8:14-இன் 2300 நாளை 2300 வருஷமாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணினார். முதல் கெடு 1844 மார்ச்சில் தப்பியது. பிறகு அந்த இயக்கம் 1844 அக்டோபர் 22-ஐக் குறித்தது. பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்கள் உண்டு. அதே தானியேல் 8-ஆம் அதிகாரத்தின் 21-ஆம் வசனம் வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்று சொல்லுகிறது. கி.மு. 167-இல் கிரேக்க அரசனான அந்தியோகு எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தியதைப் பலரும் அங்கே காண்பது அதனால்தான். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் 1994 செப்டம்பரைச் சொல்லி, பிறகு 2011 மே 21 என்றார், அதுவும் தவறி அக்டோபர் 21 என்றார். சேமிப்பை விளம்பரத்துக்குக் கொடுத்தவர்கள், வேலையை விட்டவர்கள் அந்த மறுநாளிலும் வாழ வேண்டியிருந்தது. தேதி குறித்தது பாவம் என்று 2012 மார்ச்சில் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" யாரும் அறியார் என்ற மத்தேயு 24:36-க்கு, "நாள்தானே தெரியாது, வருஷம் தெரியலாமே" என்று ஒரு சமாதானம் சொல்லுவார்கள். அப்போஸ்தலர் 1:7 "காலங்களையும் வேளைகளையும்" என்று அந்தக் கதவையும் அடைத்துவிடுகிறது.

மத்தேயு 24-ஐ வாசிக்கும்போது சீஷர்கள் தேவாலயத்தைப் பற்றியும் வருகையைப் பற்றியும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதை மறக்காதீர்கள். "பாழாக்குகிற அருவருப்பு" என்ற இடத்தில் லூக்கா 21:20 எருசலேம் சேனைகளால் சூழப்படுவதைச் சொல்லுகிறது. கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை அதைச் செய்தது. எந்த வசனத்தில் பேச்சு வருகைக்குத் திரும்புகிறது என்பதில் நல்ல வேதமாணவர்களுக்குள்ளேயே ஒருமனம் இல்லை. ஆயிர வருஷ அரசாட்சியிலும் அப்படியே. வருகை அதற்கு முன்னா பின்னா, அந்த ஆயிரம் ஒரு அடையாள எண்ணா என்று மூன்று பெரிய கருத்துகள் உண்டு. மகா உபத்திரவத்துக்கு முன் சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் டார்பி வழியாகவும், 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தின் வழியாகவும் பரவியது. அதை விசுவாசிக்கிறவர்கள் விசுவாசிக்கட்டும். அதை ஏற்காதவரை அவிசுவாசி என்று மட்டும் சொல்லாதிருக்க வேண்டும். அவர் மகிமையோடு மறுபடியும் வருவார் என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் எல்லோரும் சேர்ந்தே அறிக்கையிடுகிறோம்.

முடிவு நெருங்கிவிட்டது என்று சொல்லி நிலப் பத்திரத்தையோ நகையையோ ஊழியத்துக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டாரிடமும் வெளியே உள்ள ஒரு மூத்த போதகரிடமும் பேசுங்கள். பிள்ளைகளின் படிப்பை நிறுத்தச் சொன்னாலும் அப்படியே. தெசலோனிக்கேயாவில் வேலைசெய்யாமல் திரிந்தவர்களைப் பவுல் கண்டித்து, தங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடச் சொன்னார்.

சிறு பிள்ளைகளுக்கு, வருகையில் கைவிடப்படுதல் பற்றிய படங்களைக் காட்டாதீர்கள். வீட்டில் அம்மாவைக் காணாவிட்டால் "வருகை வந்துவிட்டதோ" என்று அழும் பிள்ளைகள் உண்டு. அப்படிப் பயந்த பிள்ளையோடு 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 18 வரை மெதுவாக வாசியுங்கள். மரித்துப்போன தங்கள் வீட்டாரை நினைத்துத் துக்கித்தவர்களுக்குப் பவுல் எழுதியது அது. "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்ற கடைசி வசனத்தை அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும்.