வீட்டை விற்றாச்சு, மல்லிக்கொடி யாருக்கு?

எங்கள் ஊரில் ‘தோட்டம்’ என்று சொன்னால் யாரும் பூச்செடியை நினைக்க மாட்டார்கள். ரப்பர், செம்பனை, லயத்து வீடு, காலைப் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவது), இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றி இருக்கிற செடிகொடிக்குத் தனிப் பெயரே கிடையாது, முன்பக்கம், பின்பக்கம், அவ்வளவுதான். ஆனால் 14 வருடமாக வீடு விற்றுக் கொடுக்கிற இந்த வேலையில் எனக்கு அதிகமாகத் தலைவலி கொடுத்தது அந்த முன்பக்கமும் பின்பக்கமும்தான்.

ஒரு அம்மா. கணவர் தவறிவிட்டார், ஜொகூரில் இருக்கிற மகன் வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை விற்க என்னிடம் வந்தார். கேட்டுக்கு மேலே வளைவு கட்டி மல்லிக்கொடி ஏற்றி வைத்திருந்தார், நான் போட்டோ எடுத்த அன்றைக்கு அது பூத்துக் கொட்டிக் கிடந்தது. ஈப்போவில் வேலை செய்கிற ஒரு இளம் தம்பதி அந்தப் போட்டோவைப் பார்த்துதான் வந்தார்கள், அந்தப் பெண் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. 10 விழுக்காடு முன்பணம் கட்டி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, பாங்கில் கடனும் கிடைத்து எல்லாம் நல்லபடியாகப் போனது. சாவி கொடுக்கிற நாளில் போய்ப் பார்த்தால் வளைவு மொட்டையாக நிற்கிறது. மல்லி இருந்த இடத்தில் செம்மண் போட்டு மூடிய குழி. கறிவேப்பிலை மரமும் இல்லை. “நான் வச்ச செடிதானே தம்பி, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றார் அம்மா. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் வழக்கறிஞர் கடிதம் வரைக்கும் போய் 800 வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக்கொண்டு முடிந்தது. பெயிண்ட் வாளியில் வைத்து ஜொகூருக்குக் கொண்டுபோன அந்த மல்லி இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டதாம்.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் ‘நிலம்’ என்ற சொல்லுக்குக் கொடுக்கிற விளக்கத்திலேயே அதில் வளர்கிற செடிகொடிகளும் அடக்கம், மண்ணோடு நிலையாகப் பொருத்தப்பட்டவையும் அடக்கம். அதாவது தரையில் வேர் விட்டது நிலத்தோடு போகும், தொட்டியில் இருப்பது உங்களுடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது வேறு விஷயம், அப்படி எழுதிக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. ஆகவே போட்டோ எடுக்க ஏஜெண்ட் வருவதற்கு முன்பே எது போகிறது, எது இருக்கிறது என்று உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். கொண்டுபோகப் போகிற செடி போட்டோவில் இருக்கக் கூடாது.

பெரிய செடியைத் தோண்டுவதை விட நல்ல வழி இருக்கிறது, நம் ஆட்களுக்குத் தெரிந்த வழிதான், விற்கிற அவசரத்தில் மறந்துவிடுகிறோம். விற்கலாமா என்ற எண்ணம் வந்த அன்றைக்கே மல்லியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, பக்கத்தில் ஒரு தொட்டியில் மண் போட்டுப் புதைத்து மேலே ஒரு கல் வையுங்கள். வேர் பிடித்த பிறகு தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிடலாம். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி அதுவாகவே கன்று கிளம்பும், அதில் சின்னதாக இரண்டைக் கிளப்பித் தொட்டியில் வைத்தால் போதும். செம்பருத்தியும் முருங்கையும் குச்சி நட்டாலே வரும். வாழைக்குப் பக்கக் கன்று. வீடு விற்று முடிய எப்படியும் சில மாதம் ஆகும் (ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே மூன்று மாதம், அதற்கு மேல் ஒரு மாத அவகாசம் என்பதுதான் வழக்கம்), அதற்குள் உங்கள் தோட்டத்துக்கு ஒரு நகல் தொட்டிகளில் தயாராகிவிடும்.

அடுத்தது எல்லைக் கல். மூலை வீட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ஒரு ஐயா தன் வீட்டு நிலம் 300 சதுர மீட்டருக்கு மேல் என்று அடித்துச் சொன்னார், வேலி போட்டிருந்தார், வேலிக்குள் மூன்று ரம்புத்தான் மரம் காய்த்துக் குலுங்கியது, 20 வருடமாக அவர்தான் தண்ணீர் ஊற்றி உரம் போட்டு வளர்த்தது. கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) எடுத்துப் பார்த்தால் 204. மீதியெல்லாம் லோங்காங் (சாக்கடை) ஓரத்து அரசாங்க ரிசர்வ் நிலம். பின்சந்தில் செரையும் (எலுமிச்சைப் புல்) வாழையும் வைத்திருக்கிறவர்கள் கதையும் இதுதான். நம் ஆட்களுக்கு ஒரு கையகல மண் சும்மா கிடந்தால் மனசு கேட்காது, அதில் தப்பு சொல்ல மாட்டேன். ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆட்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில்தான் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், அவர் நம் ஊர் எம்.பி.யாக இருந்தவர், மண் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று தெரிந்தவர். ஆனால் அரசாங்க நிலத்தை நாம் விற்க முடியாது. வாங்குகிறவருடைய பாங்கு அனுப்பும் மதிப்பீட்டாளர் கிராண்டில் உள்ள அளவைத்தான் பார்ப்பார். மதிப்பு குறைந்தால் கடன் குறையும், வாங்க வந்தவர் மிச்சத்தைக் கையிலிருந்து போட முடியாமல் திரும்பிப் போய்விடுவார். சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியவர்களும் ஊராட்சி மன்றத்தின் அனுமதிப் பிளான் இருக்கிறதா என்று இப்போதே தேடி எடுங்கள், அனுமதி இல்லாத பகுதியை மதிப்பில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

இனி சொல்லப் போவதை ஏஜெண்ட்கள் பேசத் தயங்குவார்கள். பின்பக்கம் வேப்பமரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு கல், ஒரு சூலம், சின்னக் கூரை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்தபோது கூடவே வந்த சாமி. இதை எப்படி விடுவது என்று அண்ணன் தம்பிக்குள் பெரிய சண்டையே நடந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன், அண்ணன் ‘சாமியை அசைக்கக் கூடாது’ என்கிறார், தம்பி ‘வாங்குகிறவன் சீனன், அவன் என்ன செய்வான்’ என்கிறார், வாங்க வந்த சீனக் குடும்பமோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ‘இது இங்கேயே இருக்குமா’ என்று என்னைக் கேட்கிறது. ஆறு வாரம் இழுத்தது. என் யோசனை: வீட்டை விளம்பரத்தில் போடுவதற்கு முன்பே குடும்பத்தோடு பேசி, பூசாரியைக் கூப்பிட்டு, முறைப்படி எடுத்துப் போக வேண்டிய இடத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள். துளசி மாடமும் அப்படித்தான். கடைசி வாரத்தில் லாரி வந்து நிற்கும்போது செய்கிற வேலை இல்லை இது.

சரி, மற்றபடி தோட்டத்தை எப்படிச் சரி செய்வது? மரத்தை வெட்டாதீர்கள், கவாத்து மட்டும் செய்யுங்கள். வீடு பளிச்சென்று தெரியட்டும் என்று 15 வருட மாமரத்தை அடியோடு வெட்டியவர் ஒருவர், அந்த அடிக்கட்டையும் எறும்பும் வெயிலும்தான் போட்டோவில் விழுந்தன. வேர் லோங்காங்கை உடைத்திருந்தால், கிளை கூரையைத் தொட்டால், அதைப் பாருங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் என்றால் நீங்களே ஏறாமல் மின்சார நிறுவனமான தெனாகாவுக்குச் சொல்லுங்கள். அப்புறம் தேங்கிய தண்ணீர்: தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய் மட்டை, ஓட்டை வாளி. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் சுகாதார அதிகாரி 500 வெள்ளி அபராதம் போடலாம், அதைவிட, வீடு பார்க்க வந்தவர் காலில் பத்துக் கொசு கடித்தால் அவர் பாதி வீட்டைக்கூடப் பார்க்க மாட்டார்.

வீட்டுக்குள் புது அலமாரி, புது டைல் என்று 20,000 வெள்ளி செலவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வாங்குகிறவர் எப்படியும் அதை உடைத்துத் தனக்குப் பிடித்த மாதிரி செய்வார். அந்தப் பணத்தில் கூரை ஒழுகலை அடையுங்கள். ஒழுகலை அடைக்காமல் கறை மேல் மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்தால் அக்டோபர், நவம்பர் மழையில் அதே இடத்தில் மறுபடி மஞ்சள் பூக்கும், அதுவும் வாங்குகிறவர் மாமனாரோடு இரண்டாவது தடவை பார்க்க வருகிற அன்றைக்கு. கதவு நிலையைச் சாவியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று இல்லாமல் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் சத்தம் வந்தால் உள்ளே கறையான் தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம். சுவரோரம் பென்சில் கனத்தில் மண் குழாய் ஓடுகிறதா என்றும் பாருங்கள், அதைத் துடைத்துவிட்டு விற்கலாம் என்று நினைக்காமல் மருந்தடித்து ரசீதை எடுத்து வையுங்கள். அந்த ரசீதைக் காட்டி நான் விலை குறையாமல் விற்ற வீடுகள் உண்டு.

காகித விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிராண்டில் யார் பெயர்? இறந்த அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள், முன்பணம் வாங்குவது அப்புறம். 99 ஆண்டு குத்தகை நிலம், கிராண்டில் கட்டுப்பாடு எழுதியிருக்கிறது என்றால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நிலவரி, கதவு வரி (ஊராட்சி மன்றத்துக்குக் கட்டுவது), தண்ணீர், மின்சாரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கழிவுநீருக்கான இண்டா வாட்டர் பில்தான் மறக்கும். குடிமக்கள் வாங்கிய ஆறாவது வருடத்திலிருந்து விற்றால் சொத்து லாப வரி இல்லை, மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, ஆனால் வரி இல்லை என்றாலும் படிவம் உண்டு, வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஏஜெண்டுக்குக் கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு, சேவை வரி தனி. பதிவு எண் கேட்டால் கோபித்துக்கொள்கிற ஏஜெண்டை அப்படியே அனுப்பிவிடுங்கள், என்னையும் சேர்த்துத்தான்.

போட்டோவுக்கு நான் காலை எட்டரைக்கு வருவேன், மத்தியானம் மேகம் கூடிவிடும். அதற்கு முன் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள், நாயைக் கட்டுங்கள், கொண்டுபோகிற தொட்டிகளையெல்லாம் பக்கத்து வீட்டு அஞ்சடிக்கு (முன் தாழ்வாரத்துக்கு) மாற்றிவிடுங்கள். அதில் மல்லி இருந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் மறந்துவிடுவார்கள்.