நாசாவின் மேலாள்

பேப்பரில் ‘நாசா நிர்வாகி பேட்டி’ என்ற தலைப்பை வாசித்துவிட்டு, முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டார்: “இது எந்தக் கட்சிப்பா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. காரைக்குடிப் பக்கம் நிர்வாகி என்றால் கட்சி நிர்வாகி, இல்லையென்றால் கோயில் நிர்வாகி. ஒரு கட்சிக்கே பத்து நிர்வாகிகள் இருப்பார்கள். நாசாவின் தலைமைப் பதவிக்கு ஆங்கிலத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர், அதைத்தான் பேப்பரில் நிர்வாகி ஆக்கியிருந்தார்கள். அவர் ஒரே ஒருவர்தான்.

அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘மினிஸ்டர்’ என்றால் அங்கே பணியாள். சிறியது, குறைவு என்ற பொருளுள்ள ‘மினுஸ்’ என்பதிலிருந்து வந்தது. ஆக, அட்மினிஸ்ட்ரேட்டர் பிறப்பால் ஒரு கீழாள், ஆங்கிலத்தில் மினிஸ்டர் எனப்படும் மந்திரியும் அப்படித்தான். நிர்வாகி வடமொழி. சுமத்தலைக் குறிக்கும் அதே வேர்தான் வாகனத்திலும் இருக்கிறது. பாரத்தைக் கடைசிவரை சுமந்து கொண்டுசேர்ப்பவர் நிர்வாகி. பொருள் நல்ல பொருள்தான், புழக்கத்தில் தேய்ந்துவிட்டது.

இஸ்ரோவில் இந்தப் பதவிக்குப் பெயர் சேர்மன். சேர் என்றால் நாற்காலி. கூட்டத்தில் தலைமை நாற்காலியில் அமர்பவர். எங்கள் ஊரில் சேர்மன் என்றால் நகராட்சித் தலைவர். 2024இல் மாநகராட்சி ஆனதும் மேயர் வந்துவிட்டார். ‘இஸ்ரோ தலைவர்’ என்று தமிழில் எழுதுவது சரியாகவே பொருந்துகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பொறுப்புகள் இருக்கின்றன. இஸ்ரோ தலைவரே விண்வெளி ஆணையத்தின் தலைவர், மத்திய அரசின் விண்வெளித் துறைச் செயலரும் அவரே. அந்தத் துறை நேராகப் பிரதமரின் கீழ் வருகிறது. 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன், அவருக்கு முன் 2018 முதல் 2022 வரை இருந்த கே. சிவன், இருவருமே கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள்.

தலைவர் என்ற சொல்லுக்கு ஏற்ப நடந்தவர் முன்னாள் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1979 ஆகஸ்டில் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் வந்து பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு ஜூலையில் ராக்கெட் வென்றபோது, போய்ப் பேசுங்கள் என்று திட்ட இயக்குநர் அப்துல் கலாமை அனுப்பிவிட்டார். கலாமே பல மேடைகளில் சொன்ன கதை இது.

ஐரோப்பிய விண்வெளி முகமையில் தலைமை இயக்குநர். இயக்குநர் என்றதும் சினிமாக்காரர் ஞாபகம் வரலாம். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் எங்கள் ஊரில் அந்தக் குழப்பம் இல்லை, அதன் தலைமையிலும் இயக்குநர்தான்.

சரி, நாசாக்காரரை என்ன சொல்வது? செட்டிநாட்டில் ஒரு சொல் இருக்கிறது: மேலாள். அந்தக் காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார். ரங்கூனிலோ பினாங்கிலோ உள்ள வட்டிக்கடையை மேலாள் நடத்துவார். மூன்று வருஷக் கணக்கு. யாருக்குக் கடன் கொடுப்பது, எப்போது வசூலிப்பது எல்லாம் அவர் முடிவு. ஆனால் பணம் அவருடையதல்ல, கணக்கை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்பத்தாவின் அப்பச்சியே பினாங்கில் மேலாளாக இருந்தவர்தான்.

நாசாவிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராணுவத்தில் பணியில் இல்லாத ஒருவரை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும். பணத்தை ஒதுக்குவது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். அவர் விஞ்ஞானியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. 1961 முதல் 1968 வரை, நிலாப் பயணத்துக்கான ஏற்பாடுகள் மும்முரமாக நடந்த காலத்தில், நாசாவை நடத்திய ஜேம்ஸ் வெப் வக்கீலுக்குப் படித்தவர். இன்று ஒரு பெரிய விண்வெளித் தொலைநோக்கிக்கு அவர் பெயர்.

மேலாளர் என்று எழுதலாமே என்பார்கள். அதைப் பேங்க் மேனேஜருக்குக் கொடுத்தாயிற்று. பத்திரிகைகள் ‘நாசா தலைவர்’ என்றே எழுதட்டும், புரியும். ஆனால் அப்பத்தாவிடம் மேலாள் என்று சொன்னதும் அடுத்த கேள்வி உடனே வந்தது: “அப்ப அடுத்தாள் யாரு?”

மேலாளுக்கு அடுத்தபடி கடையைப் பார்ப்பவர் அடுத்தாள். நாசாவில் டெபுடி அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் உண்டு. அவருக்கு நான் தேடாமலே தமிழ் கிடைத்துவிட்டது.