ஃபாக்டரி: பண்டகசாலையா, ஆலையா?

"1611-இல் ஆங்கிலேயர் மசூலிப்பட்டினத்தில் ஒரு தொழிற்சாலையை நிறுவினர்." மொழிபெயர்ப்பு நூல்களில் இப்படி ஒரு வரி அவ்வப்போது கண்ணில் படும். படிக்கிற பிள்ளை உயரமான புகைபோக்கியையும் வாசலில் கூடி நிற்கும் தொழிலாளரையும் மனத்தில் வரைந்துகொள்ளும். அங்கே இருந்தவை வேறு: துணிப்பொதி அடுக்கிய கிடங்கு, கணக்கெழுத ஓர் இடம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் உண்டு உறங்கச் சில அறைகள். ஒரு முழம் துணிகூட அதற்குள் நெய்யப்படவில்லை.

பழியை மொழிபெயர்ப்பாளர் மீது மட்டும் போடக் கூடாது. 'ஃபாக்டரி' என்ற அந்த ஆங்கிலச் சொல்லே நடுவழியில் வேடம் மாற்றிக்கொண்டது.

'செய்தல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது 'ஃபாக்டர்', அதாவது செய்பவர். வணிக வழக்கில் இன்னொருவர் சார்பாகக் கொள்முதலும் விற்பனையும் செய்யும் முகவருக்கு அது பெயராயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் பதவி வரிசையே எழுத்தர், ஃபாக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் என்றுதான் ஏறும். ஃபாக்டர்கள் தங்கிச் சரக்குச் சேர்க்கும் இடம் ஃபாக்டரி. போர்த்துக்கீசியர் தங்கள் வணிக நிலையங்களை 'ஃபெய்டோரியா' என்றதும் இதே வழியில்தான். இந்தப் பழைய பொருளுக்குப் பொருத்தமான தமிழ் பண்டகசாலை. கிட்டங்கி என்று சொன்னால் சரக்கு மட்டுமே நினைவுக்கு வரும். ஆள் குடியிருந்தது விட்டுப்போகும்.

துணி எங்கிருந்து வந்தது? நெசவாளர் வீட்டிலிருந்து. வணிகர் வழியாக முன்பணம் போகும். சொந்தத் தறியில் நெய்த துணி திரும்பி வரும். 1730-களில் சென்னையின் ஆளுநர் நெசவாளரைக் கூவம் கரையில் குடியேற்றினார். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் எல்லாரும் ஓரிடத்தில் கூடினார்கள். ஆனாலும் தறி அவரவர் வீட்டிலேயே இருந்தது. கண் சொக்கினால் எழுந்துபோய்த் திண்ணையில் சாயலாம். கேட்பாரில்லை.

இந்தத் துணிதான் இங்கிலாந்தில் வேறொரு கதையைத் தொடங்கி வைத்தது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன பூவேலைப் பருத்தித் துணியின் மீது லண்டன்காரர்களுக்குப் பித்துப் பிடித்தது. அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்கள் கொதித்தார்கள். 1700-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவிலிருந்து வந்த அச்சிட்ட துணியைத் தடுத்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான அச்சுப் பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. ஆசை சட்டத்துக்கு அடங்குமா? அதே துணியை உள்ளூரில் செய்யும் முயற்சி வலுத்தது. கூலியோ அங்கே அதிகம். நிலக்கரி மலிவு. கையைக் குறைக்கும் பொறி எதுவானாலும் முதலாளிக்கு லாபம் என்ற கணக்கு அங்கேதான் சரியாக விழுந்தது.

1733-இல் ஜான் கே, தறியில் ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடாவை விரைந்தோட வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அது பரவப் பரவத் தறி வேகம் பிடித்தது, ராட்டைகள் பின்தங்கின, நூலுக்குத் தட்டுப்பாடு. 1760-களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தில் நூல் சுற்றும் பல கதிர்களைச் சுழற்றும் 'ஜென்னி'யைச் செய்தார். அக்கம்பக்கத்தார் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சி 1768-இல் அவருடைய பொறிகளை அடித்து நொறுக்கினார்கள். இத்தனைக்கும் தொடக்க கால ஜென்னி குடிசைக்குள் அடங்கிவிடும். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769-இல் காப்புரிமை பெற்ற நூற்புப்பொறி அப்படி அடங்கவில்லை. அதற்கு ஆற்று நீரின் விசை வேண்டியிருந்தது. 1771-இல் டெர்பிஷையரின் குரோம்ஃபோர்டில் அதற்கென்று பல மாடிக் கட்டடம் எழுந்தது. வீட்டுக்கு வந்த வேலை நின்றது. வேலை இருக்குமிடத்துக்கு ஆள் போகவேண்டியதாயிற்று. ஃபாக்டரி என்ற சொல் வேடம் மாறியது இந்த இடத்தில்தான் என்பேன்: பொருள் வந்து சேர்ந்த இடத்தின் பெயர், மனிதர் வந்து சேரும் இடத்துக்குப் போயிற்று.

இடையில் 'மானுஃபாக்டரி' என்றும் ஒரு சொல் வழங்கியது. கையால் செய்யும் இடம் என்பது அதன் நேர்ப்பொருள். கைக்கு வேலை குறையக் குறைய அந்தச் சொல்லிலும் 'கை'யைக் குறிக்கும் முன்பாதி உதிர்ந்து 'ஃபாக்டரி' மட்டும் நின்றது வேடிக்கை. தமிழிலும் இப்படி ஒன்று உண்டு. இலங்கைப் பாடநூல்கள் தொழிற்புரட்சியைக் 'கைத்தொழிற் புரட்சி' என்கின்றன. கையை ஓரங்கட்டிய புரட்சிக்கு அப்படி ஒரு பெயர்!

'மில்' வந்த வழி வேறு. தானியம் அரைக்கும் நீராலைக்கு உரிய பெயர் அது. அதே நீர்ச்சக்கரம் நூற்கவும் உதவியதால் நூற்கும் இடமும் மில் ஆயிற்று. நம் 'ஆலை'யும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. முதலில் அது கரும்பு பிழியும் இடம். பஞ்சாலை பிற்பாடு வந்தது. பெரும்பாணாற்றுப்படையில் "எந்திரம் சிலைக்கும் துஞ்சாக் கம்பலை, விசயம் அடூஉம் புகைசூழ் ஆலைதொறும்" என்று வருகிறது. கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓயாத இரைச்சல், கருப்பஞ்சாறு காய்ச்சும் புகை. இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான மான்செஸ்டரைப் பார்க்காமலே அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் எழுதிவைத்த வரி போலிருக்கிறது. ஆனால் அவருடைய ஆலையில் வழிப்போக்கன் கருப்பஞ்சாறு குடித்துவிட்டுப் போகலாம்.

குரோம்ஃபோர்டில் அந்த உபசாரம் இல்லை. பன்னிரண்டு மணி நேர முறைகளில் இரவும் பகலும் ஓட்டம். பெண்களும் சிறுவர்களுமே ஆள்பலம். அதுவரை ஆங்கிலக் கைவினைஞரிடம் 'புனிதத் திங்கள்' என்றொரு வழக்கம் இருந்தது: ஞாயிறு குடித்த மயக்கம் தெளியத் திங்களும் விடுப்பு. ஆலை மணி அதை ஒழித்துக்கட்டியது. தொழிலாளரை முதலாளிகள் 'கைகள்' என்று எண்ணினார்கள். தொழிலை ஆள்பவர் என்று விரியும் நம் 'தொழிலாளி' எவ்வளவோ மேல், சொல்லளவிலாவது.

1801-இல் ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த மான்செஸ்டரில் 1851-இல் மூன்று லட்சம் பேர். சாக்கடையும் குடிநீரும் அந்த வேகத்தில் வளரவில்லை. உழைப்பாளரின் சுகாதார நிலை பற்றி எட்வின் சாட்விக் 1842-இல் தந்த அறிக்கைப்படி, அங்கே உழைப்பாளர் குடும்பத்தாரின் சராசரி இறப்பு வயது 17. கிராமப்புற ரட்லாந்தில் 38. சிசு மரணங்கள் இந்தச் சராசரியைக் கீழே இழுத்தன. 1833-ஆம் ஆண்டு ஃபாக்டரிச் சட்டம் ஜவுளி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. கண்காணிக்க நியமித்த ஆய்வாளர்கள் நாடு முழுவதற்கும் நான்கே பேர்!

சட்டத்தின் சொல்லாக 'ஃபாக்டரி' நிலைத்துவிட்ட பின் தமிழுக்குத் தொழிற்சாலை பொருத்தமே. விசையோடு என்றால் 10 பேர், விசையின்றி என்றால் 20 பேர் வேலை செய்யும் இடமே ஃபாக்டரி என்று இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது எந்தச் சரக்குக்கும் பொருந்தியது. பிழிவது, அரைப்பது, நூற்பது என்றால் ஆலை. நாலைந்து பேர் உலையும் சுத்தியுமாக வேலை செய்யுமிடம் பட்டறை. மசூலிப்பட்டினத்துக்குப் பண்டகசாலையை விட்டால் வேறு இல்லை. பேச்சில் மில் என்பவர்களைத் திருத்தப் போகவேண்டாம்; அந்த மில்லின் ஊதலுக்குச் 'சங்கு' என்று அழகாகப் பெயர் வைத்தவர்களும் அவர்களே.

இன்னொரு சொல்லையும் இந்த வரலாறு நமக்குத் தள்ளிவிட்டது. எல்லாத் தறியும் கையால் இயங்கிய காலத்தில் 'கைத்தறி' என்று சொல்ல யாருக்கும் தேவை இருந்திருக்காது. 1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த தறிகள் இங்கும் வந்து இரைச்சலிடத் தொடங்கிய பிறகுதான், பழைய தறியின் பெயருக்கு முன்னால் நாம் 'கை' சேர்க்க நேர்ந்தது.