குளிகை விடுதியா, சிமிழ் விடுதியா?

ஒருவர் படுக்க மட்டுமே இடமுள்ள சிறு பெட்டிகளை அறைகளாக அடுக்கிய ஜப்பானின் கேப்சூல் ஹோட்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைக் 'குளிகை விடுதி' என்று எழுதுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். போன வாரமும் ஒரு பயணக் கட்டுரையில் அதே சொல். இனியும் பொறுப்பதற்கில்லை.

லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி, 'காப்சுலா' என்றால் சிறுபெட்டி. விதை பொதிந்த காய், மருந்துத்தூள் அடைத்த கூடு, விண்வெளி வீரர் அமரும் கலம் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்த பொருள்கள். ஜப்பானியர் 'கபுசெரு ஹோதெரு' என்கிறார்கள்.

இதில் குளிகைக்கு என்ன வேலை? குளிகை என்பது சித்த மருத்துவர் அரைத்து உருட்டிக் காயவைக்கும் உருண்டை. அதற்குள் ஒரு கடுகைக்கூட வைக்க முடியாது. மனிதன் எங்கே படுப்பது? இலங்கைத் தமிழர் குளிசை என்பதும் விழுங்குகிற மாத்திரையைத்தான். தினசரி நாள்காட்டியிலோ ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் பக்கத்தில் குளிகை நிற்கிறது. அகராதியில் முதலில் அகப்பட்ட பொருளை எடுத்து ஒட்டியவர், அந்த விடுதி எப்படி இருக்கும் என்று ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்றைய மொழிபெயர்ப்பில் பாதி இப்படித்தான் நடக்கிறது. 'சவப்பெட்டி ஓட்டல்' என்று தலைப்பிடும் செய்தியாளர்களுக்கு அந்த அக்கறையும் இல்லை. கடைசி ரயிலைத் தவறவிட்டு அங்கே உறங்கும் அலுவலக ஊழியரை அவமதிக்கும் சொல் அது.

முதல் கேப்சூல் ஹோட்டல் 1979இல் ஒசாகாவின் உமேதா பகுதியில் திறந்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. 1972இல் தோக்கியோவில் நகாகின் கோபுரத்தைத் தனித்தனிப் பெட்டிகளாக மாட்டிக் கட்டியவரும் அவரே. அவர் நினைத்தது ஆள் வாழும் கூட்டை, மருந்தை அன்று.

ஒசாகாவில் ஓர் இரவு நானும் தங்கியிருக்கிறேன். செருப்பைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, இரண்டு படி ஏறி, முழங்காலிட்டுத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். நீளம் சுமார் இரண்டு மீட்டர், அகலமும் உயரமும் ஒரு மீட்டர் அளவுதான். தலைமாட்டில் விளக்குத் திருகி. கால்மாட்டில் பூட்டு கிடையாது, சுருள்திரை மட்டுமே. அதை இழுத்து இறக்கியதும் மூடி விழுந்தது போல இருந்தது. அம்மாவின் குங்குமச் சிமிழ் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிறியது, உள்ளே இடமுள்ளது, மூடி உடையது. காப்சுலாவுக்கு இதைவிட நேரான தமிழ்ச்சொல் வேறு எது?

'மாடம்' என்றும் யோசித்தேன். விளக்கு மாடம், புறா மாடம் எல்லாம் அழகாகவே பொருந்துகின்றன. ஆனால் 'மாட விடுதி' என்றவுடன் மாடமாளிகை கண்முன் வந்துவிடும். 'கூண்டு' சிறையை நினைவூட்டும். 'ஓட்டல்' என்றால் நமக்கு இட்லி, தோசை, ஆகவே விடுதி.

சிமிழ் விடுதி, உள்ளே இருப்பது சிமிழறை. முன்பதிவின்போது "மேல் சிமிழா, கீழ்ச் சிமிழா?" என்று கேட்டால் யாருக்கும் விளங்கும். "கீழ்க் குளிகை வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள்.