மூச்சு இழுக்கும்போதும் நிற்காத குழல்

ஆகஸ்ட் மாதம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கிரீன் மைதானம். பேக்பைப்பும் முரசும் சேர்ந்து வாசிக்கும் பைப் பேண்டுகளின் உலகப் போட்டிக்கு வந்த குழுக்கள் களத்தில் இறங்கும் முன் ஆங்காங்கே வட்டமாக நின்று சுருதி சேர்க்கின்றன. குழுவின் தலைவரான பைப் மேஜர் ஒவ்வொருவரிடமாகப் போகிறார். அவர்கள் தோளில் சாய்ந்து நிற்கும் குழல்களின் நுனியில் காதை வைக்கிறார், ஒரு குழலை எட்டிப் பிடித்து நூலளவு மேலே இழுத்துவிடுகிறார். இன்னொருவரின் குழல் துளையில் ஒட்டியிருக்கும் கறுப்பு டேப்பை நகத்தால் இம்மியளவு கீழே தள்ளுகிறார். மின்சார ஒயரில் சுற்றுவோமே, அதே டேப்தான். துளையின் மேல்விளிம்பை அது கொஞ்சம் மூடினால் அந்தச் சுரம் இறங்கும்.

இவ்வளவு பாடு ஏன்? ஸ்காட்லாந்து பேக்பைப்பில் ஒலியை நடுவில் நிறுத்த முடியாது, கூட்டிக் குறைக்கவும் முடியாது. இந்த பேண்டுகளின் வழக்கங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே காரணத்தில் வந்து முடிகின்றன என்பது என் எண்ணம்.

வாத்தியத்தின் உயிர், அக்குளில் இடுக்கிய பை. வாயில் வைத்து ஊதும் குழலின் அடியில் ஒருவழி வால்வு இருக்கிறது. உள்ளே போன காற்று திரும்பி வராது. வாசிப்பவர் மூச்சு இழுக்கும் நேரத்தில் அவர் கை பையை அமுக்குகிறது, அதனால் ஒலி அறுபடுவதில்லை. நம் மகுடியின் சுரைக்குடுக்கையிலும் காற்று தங்கும். ஆனால் குடுக்கையை அமுக்க முடியாதே! அங்கே அந்த வேலையைக் கன்னங்கள்தான் செய்ய வேண்டும். வாயும் கையும் இப்படி மாறி மாறித் தள்ளினாலும் பைக்குள் அழுத்தம் மாறக் கூடாது. கை கொஞ்சம் அசந்தால் சுருதி ஆடிவிடும்.

வாயில் ஊதும் குழல் போக, பையிலிருந்து நான்கு குழல்கள் கிளம்புகின்றன. விரல் வைத்து வாசிக்கும் குழலுக்கு சேன்ட்டர் என்று பெயர். நாதஸ்வரம் போலவே இதற்கும் கூம்புத் துளை, இரட்டை நாணல் சீவாளி. ஆனால் சீவாளி உள்ளே ஒளிந்திருக்கிறது, உதடு அதைத் தொடுவதில்லை. நாதஸ்வரக்காரர் உதட்டால் செய்யும் குழைவெல்லாம் இதனால்தான் இங்கே கிடையாது. மற்ற மூன்றும் ட்ரோன்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பவை.

சேன்ட்டரில் கிடைப்பது ஒன்பதே சுரங்கள். அடிப்படைச் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மேல் ஷட்ஜம் வரை அப்படியே நம் ஹரிகாம்போதி, கூடவே கீழே ஒரு நிஷாதம். இன்றைய பேண்டுகளில் அந்த ஷட்ஜம் சுமார் 480 ஹெர்ட்ஸ். இரண்டு சிறிய ட்ரோன்கள் 240-இலும் பெரியது 120-இலும் ஒலிக்கும். 120-இன் மடங்குகளாக வரும் மேற்சுரங்களைப் பாருங்கள்: 480, 600, 720, 840. அவைதான் ச, க, ப, நி. விடாமல் ஒலிக்கும் ட்ரோனோடு சுரங்கள் இப்படிப் பொருந்தினால் ஒலி கண்ணாடி போலத் தெளிகிறது. பியானோவின் சம இடைவெளிச் சுரங்களை இங்கே வைத்தால் காந்தாரமும் நிஷாதமும் உரசும். ஒரு ட்ரோன் 240-இலும் மற்றது 242-இலும் இருந்தால் நொடிக்கு இரண்டு முறை ‘வவ்… வவ்…’ என்று ஒலி ஏறி இறங்கும். இயற்பியல் பாடத்தில் படித்த விம்மல்தான் அது. பைப் மேஜர் காதை வைத்துத் தேடியது இதைத்தான். விம்மல் மெதுவாகி, நீண்டு, காணாமல் போகும்வரை குழலை நகர்த்துவார். சணல் நூல் சுற்றிய மூட்டு அந்த இடத்தில் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், குளிர் இருக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும், சுருதியும் ஏறும். மூச்சின் சூடும் ஈரமும் குழலுக்குள் பரவி ஒரு நிலைக்கு வரும்வரை சேர்த்த சுருதி நிற்காது. ஸ்காட்லாந்துத் தூறலில் இத்தனை நேரம் வாசித்துச் சூடேற்றுவது அதற்காகத்தான்.

சரி, ஒலியை நிறுத்த முடியாதென்றால் ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிப்பது எப்படி? நடுவே வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டுவிட்டு வர வேண்டும். இந்த ஒட்டுச் சுரங்கள் நூற்றுக்கணக்கில், இருபது பேர் விரலிலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். புதிதாகச் சேரும் சிறுவர்களுக்குப் பல மாதங்கள் பையே கிடையாது. மேசையில் ஊன்றி ஊதும் ஒரு சின்னப் பயிற்சிக் குழலில் விரலைப் பழக்குகிறார்கள். ஊர் பேண்டுகள் பலவற்றில் இதைச் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்குவதில்லை. மூத்தவர்கள் தாங்கள் கற்ற வழியிலேயே அடுத்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பலமுறை உலகப் பட்டம் வென்ற ஷாட்ஸ் அண்ட் டைக்ஹெட் பேண்ட், 1910-இல் லனார்க்‌ஷயரின் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்ததுதான். இந்தச் செய்தி எனக்கு எப்போதும் நிறைவு தரும்.

ஏற்ற இறக்கம் குழல்களில் இல்லாததால் அந்தப் பொறுப்பு முரசுகளுக்குப் போகிறது. மெட்டு மெல்ல எழுவதாக நமக்குத் தோன்றினால், எழுந்தது ஸ்நேர் முரசுகள்தான். குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் கெவ்லார் இழையில் செய்த தோலை மிக இறுக்கமாகக் கட்டுகிறார்கள். மேல்தோலுக்குக் கீழும் அடித்தோலிலும் கம்பிச் சரங்கள் உண்டு. ஒவ்வொரு அடியும் வறண்டு, சட்டென்று முடிந்துவிடுவதால் அத்தனை குழல்களுக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்கிறது. டெனர் முரசுக்காரர்கள் கோலைச் சுழற்றுவது கண்ணுக்கு அழகு. அந்த முரசுகளும் வெவ்வேறு சுருதியில் கட்டப்பட்டு, மெட்டோடு சேர்ந்து பாடுகின்றன.

போட்டியில் முதலில் முரசொலி இரண்டு முறை உருண்டெழும். அதற்குள் பைகள் நிறைந்து ட்ரோன்கள் எழ வேண்டும், பிறகு எல்லாச் சேன்ட்டர்களும் ஒன்றாகப் பஞ்சமத்தில் பிடிக்க வேண்டும். நடந்துவந்து வட்டம் கட்டி, உள்நோக்கி நின்று வாசிக்கிறார்கள், நடுவர்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். முடிப்பது தொடக்கத்தைவிடக் கடினம். வாயை எடுத்தாலும் பையில் காற்று மிச்சமிருக்கும். கடைசிச் சுரத்தில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் தளர வேண்டும். ஒருவர் கை தாமதித்தாலும், அமைதியான மைதானத்தில் அவருடைய ட்ரோன் மட்டும் முனகிக்கொண்டே இறங்குவது எல்லோர் காதிலும் விழும்.